கவுண்ட் என்பவர் தன் கவுண்டியை உண்மையில் எப்படி ஆண்டார்?

வெண்ணிலாக்காடு:
பள்ளிக்கூடத்தில் இடைக்கால ஐரோப்பாவின் நிலமானிய முறை என்று ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார்கள். உச்சியில் அரசர், அடுத்து பிரபுக்கள், அவர்களுக்குக் கீழே குதிரை வீரர்கள், அடித்தட்டில் பண்ணையடிமைகள். பரீட்சைக்கு அது போதும். எனக்கு அந்த நடு அடுக்கின் மேல்தான் சந்தேகம். ஒரு கவுண்ட் (ஐரோப்பியப் பிரபுப் பட்டம்) இருக்கிறார், பரம்பரை பரம்பரையாக ஒரு கவுண்டி, அதாவது அவர் ஆளும் பகுதி, அவர் குடும்பத்தின் கையில் இருக்கிறது. சரி, அந்த உரிமை முதலில் எங்கிருந்து வந்தது? வருமானம் எப்படி வந்தது? சொன்ன பேச்சு கேட்காதவர்களை அவர் என்ன செய்தார்? பொதுவாகச் சொன்னால் மறுபடி அந்த முக்கோணத்தில்தான் போய் நிற்போம், அதனால் ஏதாவது ஒரு கவுண்டியை எடுத்துக்கொண்டு பேசுங்களேன்.

மெழுகுப்பலகை:
அப்படியென்றால் ஃபிளாண்டர்ஸ். இன்றைய பெல்ஜியத்தின் மேற்குப் பகுதியும் பிரான்ஸின் வடமுனையும் நெதர்லாந்தின் தெற்கு ஓரத்தில் கொஞ்சமும் சேர்ந்த நிலம். இதை எடுப்பதற்குக் காரணம், இங்கே ஒரு கவுண்ட் கொல்லப்பட்டபோது அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த எழுத்தர் ஒருவர் உடனிருந்து நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

தொடக்கம் ஒரு ஓடிப்போன கல்யாணம். மேற்கு ஃபிராங்க் நாட்டு (பின்னாளைய பிரான்ஸ்) அரசர் வழுக்கைத்தலை சார்லஸின் மகள் ஜூடித். சின்ன வயதிலேயே இங்கிலாந்தில் வெசெக்ஸ் அரசர் எதெல்வுல்ஃபுக்குக் கட்டி வைத்தார்கள். அவர் இறந்ததும் அவருடைய மகன் எதெல்பால்டையே மணந்தாள் (அந்தக் காலத்துப் பாதிரிமார்களே முகம் சுளித்தார்கள்). அவரும் இறந்ததும் பிரான்ஸுக்குத் திரும்பி வந்து சான்லிஸில் அப்பாவின் காவலில் இருந்தாள். அங்கிருந்து கி.பி. 862 வாக்கில் பால்ட்வின் என்ற வீரரோடு கிளம்பிவிட்டாள், பின்னால் வந்தவர்கள் இரும்புக்கை பால்ட்வின் என்று சொல்வது இவரைத்தான். அரசருக்கு வந்த கோபத்தில் இருவரையும் திருச்சபையை விட்டு விலக்கி வைத்தார்கள். இவர்கள் நேராகப் போப் முதலாம் நிக்கலஸிடம் போய் நின்றார்கள். அவர் இரக்கப்பட்டார், கூடவே கணக்கும் போட்டார், இவரை ரொம்பத் துரத்தினால் கடல்வழி வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளோடு சேர்ந்துவிடுவார் என்று அரசருக்கு எழுதினார். 863-ல் ஒசேரில் முறைப்படி திருமணம் நடந்தது, அரசர் போகவில்லை. மருமகனுக்குக் கடற்கரை ஓரம் சில மாவட்டங்கள் கிடைத்தன. 1384 வரை நீண்ட கவுண்ட் வரிசை இங்கிருந்து தொடங்குகிறது.

உப்புக்காற்று:
ஆனால் அது பரம்பரைச் சொத்தாகக் கிடைக்கவில்லையே. கவுண்ட் என்பவர் அந்த நேரத்தில் அரசர் நியமித்த அதிகாரி, வழக்கு விசாரிக்க, படை திரட்ட. அரசர் நினைத்தால் மாற்றலாம். 877-ல் கியெர்ஸியில் போட்ட ஆணைதான் பரம்பரை உரிமையைக் கொடுத்தது என்று எங்கேயோ படித்தேன், சரியா?

மெழுகுப்பலகை:
பல புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். அந்த ஆணையை நிதானமாகப் பார்த்தால் அது ஒரு தற்காலிக ஏற்பாடு. சார்லஸ் இத்தாலிக்குப் படையோடு புறப்படுகிறார், இங்கே ஏதாவது கவுண்ட் இறந்து, அவர் மகன் அரசரோடு இத்தாலியில் இருந்தால், அந்த இடத்தை வேறு யாரும் தட்டிப் பறிக்காமல் அரசர் திரும்பும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. மகன் வருவது ஏற்கெனவே வழக்கமாகிக்கொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

ஃபிளாண்டர்ஸில் நடந்ததைப் பாருங்கள். 879-ல் இரும்புக்கை இறந்தார். அதே ஆண்டு வைக்கிங்குகள் வந்து கெண்டில் குளிர்காலம் தங்கினார்கள், அடுத்த சில ஆண்டுகள் அந்தக் கரையே எரிந்தது. அரசர் எட்டிப் பார்க்கவில்லை. மகன் இரண்டாம் பால்ட்வின் மண்மேடு எழுப்பி, மரவேலி போட்டு, கோட்டை கட்டி, மற்ற கவுண்டுகள் விட்டுப்போன மாவட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். வைக்கிங்குகள் போனபின் அவரைக் கேட்க ஆளில்லை. பெரிய மடங்களின் நிலமும் வேண்டும் என்று கிளம்பினார், குறுக்கே நின்ற ரெய்ம்ஸ் பேராயர் ஃபுல்க் 900-ல் பால்ட்வினின் ஆட்கள் கையால் செத்தார். பேராயரைக் கொன்றவர்கள் சபிக்கப்பட்டார்கள், கவுண்ட் கவுண்டாகவே இருந்தார். வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரெட்டின் மகளை மணந்திருந்தார், 918-ல் அவர் இறந்தபோது நிலத்தை இரண்டு மகன்களும் அப்பன் வீட்டுச் சொத்தாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரும் அரசரிடம் நியமனக் கடிதம் கேட்கவில்லை.

தறிநூல்:
வருமானக் கேள்விக்கு நான் வருகிறேன். முதலில் கவுண்டின் சொந்தப் பண்ணைகள். கடலோரம் சதுப்பு நிலம், அலை பின்வாங்கிய இடத்தில் ஆட்டு மேய்ச்சல், பிறகு கரை கட்டி விளைநிலம். புதிதாகக் கடலிலிருந்து மீட்கும் மண் எல்லாம் கவுண்டுக்கே சொந்தம், இது சாதாரண விஷயம் இல்லை, மற்ற பிரபுக்களுக்கு இப்படி வளரும் சொத்து கிடையாது. அங்கிருந்து தானியம், வெண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சி எல்லாம் பொருளாகவே வந்து களஞ்சியங்களில் சேரும். கவுண்டும் பரிவாரமும் ஒரே ஊரில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஊர் ஊராகப் போவார்கள். போன இடத்தில் வழக்கு விசாரிப்பது, சேர்ந்ததைத் தின்பது, அப்புறம் அடுத்த ஊர்.

நிர்வாகம் கோட்டை வட்டங்களாகப் பிரிந்திருந்தது. ப்ரூஜ், கெண்ட், ஈப்ர், லீல், சான் ஓமேர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டைத் தலைவர், காவல், படை, நீதிமன்றம் எல்லாம் அவரைச் சுற்றி. ப்ரூஜில் இருந்த செயின்ட் டொனேஷியன் தேவாலயத்தின் தலைமைக் குருதான் 1089-லிருந்து கவுண்டின் தலைமைச் செயலர், வருவாய்க் கணக்கும் அவர் கண்காணிப்பில். தேவாலயப் பாதிரிகளுக்குத்தான் எழுதத் தெரியும், அதனால் அந்த ஏற்பாடு. 1187-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று இன்றும் இருக்கிறது, எந்த வட்டத்தில் எத்தனை கோதுமை, எத்தனை ஓட்ஸ் என்று வரி வரியாக. போர்களை விட எனக்கு அதுதான் பிடிக்கும், ரசனை அப்படி.

கோட்டைச்சுவர்:
எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோல் எழுதுகிறீர்கள். பரம்பரை என்றால் யாருக்கு என்ற கேள்வி வரும்போதெல்லாம் ரத்தம்தான். 1070-ல் ஆறாம் பால்ட்வின் இறந்தார், மகன் அர்னுல்ஃப் பையன், தாய் ரிஷில்ட் அவன் பெயரில் ஆண்டாள். சித்தப்பன் ஃப்ரிசியன் ராபர்ட் கிளம்பி வந்தான். 1071-ல் கஸ்ஸெலில் போர், பிரான்ஸ் அரசர் முதலாம் ஃபிலிப் பையன் பக்கம், பையன் களத்திலேயே செத்தான். அரசர் என்ன செய்தார் தெரியுமா? கொஞ்ச நாளில் ராபர்ட்டோடு சமாதானம் பேசி, அவனுடைய மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். பரம்பரை உரிமை பெற்ற அர்னுல்ஃபின் தம்பிக்குப் பக்கத்துக் கவுண்டியான ஹெயினோ மட்டும் மிஞ்சியது. யார் கையில் வாள் நிற்கிறதோ அவன் கவுண்ட், இதற்குமேல் என்ன தத்துவம் வேண்டும்.

மெழுகுப்பலகை:
வாள் மட்டும் என்றால் 1127 புரியாது. இப்போது அந்த எழுத்தர் கதைக்கு வருகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போதைய கவுண்ட் சார்லஸ், டென்மார்க் அரசர் நான்காம் கனூட்டின் மகன், தாய் வழியில் ஃபிளாண்டர்ஸ். 1119-ல் கவுண்டாக இருந்த உறவினர் பிள்ளையில்லாமல் இறந்தபோது இவரை வாரிசாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்லவர் என்று பெயர். 1124-25-ல் கடும் பஞ்சம், தானியத்தில் பீர் காய்ச்சத் தடை போட்டார், சீக்கிரம் விளையும் பட்டாணியும் அவரையும் விதைக்கச் சொன்னார், ஏழைகளும் வாங்கும்படி சின்ன ரொட்டி சுடச் சொன்னார். சந்தையிலும் ஊருக்குள்ளும் ஆயுதம் ஏந்தக் கூடாது என்றார்.

ப்ரூஜில் எரெம்பால்ட் என்ற குடும்பம். கோட்டைத் தலைவர் பதவி அவர்களிடம், தறிநூல் சொன்ன தலைமைக் குரு பதவியும் அவர்களிடம்தான், அதில் இருந்தவர் பெர்டுல்ஃப். பணம், கோட்டை, குதிரை வீரர் வீடுகளில் மருமகள்கள், எல்லாம் இருந்தது. ஆனால் பிறப்பால் அவர்கள் கவுண்டின் பண்ணையடிமைகள் என்று ஒரு பேச்சு. அது வெளியே வந்த விதம் இதுதான்: பெர்டுல்ஃபின் உறவுப் பெண்ணைக் கட்டிய ஒரு வீரர் கவுண்ட் முன்னால் இன்னொருவரைத் தனிச்சண்டைக்கு அழைத்தார். அந்த இன்னொருவர், நான் சுதந்திரன், அடிமைப் பெண்ணைக் கட்டி ஒரு வருடம் ஆனவன் அவனும் அடிமைதான், என் தரத்துக்கு அவனோடு சண்டை போட மாட்டேன் என்று சபையிலேயே சொல்லிவிட்டார். சார்லஸ் இதைப் பிடித்துக்கொண்டு அந்தக் குடும்பத்தையே அடிமைகள் என்று நிரூபிக்கக் கிளம்பினார். நடுவில் பெர்டுல்ஃபின் உடன்பிறந்தவர் மகன் போர்சியார்டுக்கும் பக்கத்து நிலக்காரர் ஒருவருக்கும் பகை, கவுண்ட் போர்சியார்டின் வீட்டை இடித்துக் கொளுத்தினார்.

1127 மார்ச் 2, காலையில் செயின்ட் டொனேஷியன் மாடத்தில் சார்லஸ் பைபிள் சங்கீதங்களைப் படித்து ஜெபம் செய்துகொண்டே பிச்சை போட்டுக்கொண்டிருந்தார். போர்சியார்டும் ஆட்களும் அங்கேயே வெட்டினார்கள். நம் எழுத்தர், கால்பர்ட் என்று பெயர், கலவரத்துக்கு நடுவே மெழுகுப் பலகையில் குறிப்பெடுத்து எழுதினார்.

வெண்ணிலாக்காடு:
இருங்கள், அடிமை எப்படிக் கோட்டைத் தலைவர் ஆனார்? முக்கோணத்தில் அவன் அடியில் அல்லவா இருக்கிறான்?

தறிநூல்:
அதனால்தான் அந்த முக்கோணம் உதவாது. பிரபுவுக்குச் சொந்தமான ஆளை அந்தப் பிரபு நம்பி வேலை கொடுப்பார், ஏனென்றால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. சாவி, களஞ்சியம், கோட்டைக் காவல் எல்லாம் அப்படித்தான் போனது. இரண்டு தலைமுறை போனால் அவன் குடும்பம் சுதந்திரப் பிரபுக்களை விடப் பணக்காரக் குடும்பம், பழைய அந்தஸ்தை எல்லாரும் மறந்துவிட்டதாக நடிப்பார்கள். கவுண்டுக்கு எப்போது தேவையோ அப்போது ஞாபகம் வரும்! கால்பர்ட் இன்னொன்றும் சொல்கிறார், அந்தக் குடும்பத்து மூதாதை எரெம்பால்ட், பழைய கோட்டைத் தலைவரை இரவில் படகிலிருந்து தள்ளிக் கொன்று, அவர் மனைவியையும் பதவியையும் எடுத்துக்கொண்டானாம். ஊர்ப் பேச்சாக இருக்கலாம், ஆனால் ப்ரூஜில் எல்லாருக்கும் தெரிந்த பேச்சு.

மெழுகுப்பலகை:
கொலைக்குப் பிறகுதான் விஷயமே. சார்லஸுக்குப் பிள்ளை இல்லை. உரிமை கேட்டு வந்தவர்களைப் பாருங்கள்: ஈப்ரின் வில்லியம் (ஃப்ரிசியன் ராபர்ட்டின் பேரன், ஆனால் தாய் முறைப்படி மணந்தவள் இல்லை), அல்சாஸ் தியெரி (அதே ராபர்ட்டின் பேரன், தாய் வழி), ஹெயினோ கவுண்ட் (1071-ல் தோற்ற கிளை), டென்மார்க்கிலிருந்து சார்லஸின் சகோதரி மகன், இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றி, நார்மண்டியை இழந்து அலைந்த வில்லியம் கிளிட்டோ. எல்லாருக்கும் ஃபிளாண்டர்ஸ் ரத்தம் இருக்கிறது. பிறப்பு உரிமை ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை, ஆறு பேரை வரிசையில் நிறுத்தியது, அவ்வளவுதான்.

அரசர் ஆறாம் லூயி அர்ராஸுக்கு வந்து பிரபுக்களைக் கூட்டிக் கிளிட்டோவை முன்வைத்தார். பிரபுக்கள் சம்மதித்தார்கள். ப்ரூஜ், கெண்ட் நகரத்தார் தனியாகக் கூடிப் பேசி, நிபந்தனை வைத்துச் சம்மதித்தார்கள், ப்ரூஜுக்குச் சுங்கமும் வீட்டு வாடகையும் கிடையாது என்று அரசரும் புதிய கவுண்டும் புனிதச் சின்னங்கள் மேல் சத்தியம் செய்தார்கள். சான் ஓமேருக்குத் தனிச் சாசனம் கிடைத்தது. அப்புறம் ஏப்ரலில் ஒவ்வொருவராக வந்து, முழுமனதாக என் ஆளாக இருப்பாயா என்று கவுண்ட் கேட்க, ஆம் என்று சொல்லி, சேர்த்த கைகளைக் கவுண்டின் கைகளுக்குள் வைத்து, முத்தமிட்டு, சத்தியம் செய்தார்கள். கவுண்ட் ஒரு சிறு கோலால் நிலத்தை ஒப்படைத்தார். கொலையாளிகளில் பிடிபட்டவர்களைக் கோபுரத்திலிருந்து தள்ளினார்கள்.

பிறகு கோளாறு. கிளிட்டோ தள்ளுபடி செய்த சுங்கம் அவருடைய பையில் இருந்ததே இல்லை. பழைய கவுண்டுகள் அந்தச் சுங்க வருமானத்தைக் குதிரை வீரர்களுக்கு மானியமாகக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் வந்து, எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் சொத்தை நகரத்தாருக்கு எப்படிக் கொடுப்பீர்கள் என்று நின்றார்கள். நியாயம்தானே! கிளிட்டோ நகரத்தாரிடம் மறுபடி சுங்கம் கேட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சத்தியம் உடையும். நிலமானிய முறை என்பது கட்டளைச் சங்கிலி என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சுங்கச் சண்டையைப் படித்தால் போதும்.

1127 ஆகஸ்டில் லீல் சந்தையில் ஒரு பண்ணையடிமையைப் பிடிக்கப் போய்க் கலவரம், நகரத்துக்கு 1,400 மார்க் வெள்ளி அபராதம். அடுத்த பிப்ரவரியில் சான் ஓமேர், அப்புறம் கெண்ட். கெண்டில் நகரத்தார் சார்பில் ஆல்ஸ்ட் பிரபு இவான் பேசினார்: பிரபுக்கள், பாதிரிகள், மக்கள் எல்லாரும் சேர்ந்த சபையை ஈப்ரில் கூட்டுவோம், நீங்கள் முறையாக ஆள்வதாகச் சபை சொன்னால் இருங்கள், இல்லையென்றால் நாட்டை விட்டுவிடுங்கள். கிளிட்டோ ஈப்ருக்கு ஆயுதத்தோடு ஆட்களைக் கொண்டு வந்தார். அதோடு முடிந்தது. 1128 மார்ச் இறுதியில் ப்ரூஜில் தியெரியைக் கவுண்டாக ஏற்றார்கள். அரசர் ஆட்சேபித்தபோது நகரத்தார் சொன்னது, கவுண்டைத் தேர்ந்தெடுப்பதில் அரசருக்கு வேலை இல்லை, புதிய கவுண்ட் அவரிடமிருந்து பெறும் நிலத்துக்காக ஆயுதக் காணிக்கை கொடுத்தால் அதோடு சரி.

கோட்டைச்சுவர்:
அழகாக இருக்கிறது, ஆனால் முக்கியமான இடத்தைத் தாண்டிப் போகிறீர்கள். 1128 ஜூன் 21, ஆக்ஸ்போல் களம், தியெரி தோற்றுச் சிதறினார். கிளிட்டோ ஜெயித்துக்கொண்டிருந்தார். ஜூலையில் ஆல்ஸ்ட் முற்றுகையில் பட்ட காயத்தில் செத்தார், அதனால்தான் தியெரிக்கு நாடு. அந்தக் காயம் படாமல் இருந்திருந்தால் நகரத்தாரின் சபையை இன்று யார் பேசுவார்கள்?

மெழுகுப்பலகை:
காயம் தற்செயல், மறுக்கவில்லை. கால்பர்ட்டே ஆக்ஸ்போலுக்குப் பிறகு கடவுள் யார் பக்கம் என்று தடுமாறுகிறார். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அரசர் ஆதரவு, களத்தில் வெற்றி, வம்ச உரிமை மூன்றும் கையில் இருந்தும் கிளிட்டோ தன் சொந்த நகரங்களுக்குள் நுழைய முற்றுகை போட வேண்டியிருந்தது. ப்ரூஜும் கெண்டும் ஈப்ரும் கதவை மூடினால் வருமானம் எங்கிருந்து வரும்? இங்கிலாந்துக் கம்பளி வந்து இறங்கித் துணியாகும் ஊர்கள் அவை, முதலாம் ஹென்றியோடு கிளிட்டோவுக்குப் பகை, அதனால் வியாபாரம் அடிபட்டது என்று நகரத்தார் புலம்பல் வேறு. அவர் ஜெயித்திருந்தால்கூட அடுத்த வருடம் அதே பேரத்துக்கு உட்கார்ந்திருப்பார். தியெரி 1168 வரை நாற்பது ஆண்டு ஆண்டதற்குக் காரணம் நகரங்களுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்காததுதான் என்பது என் கட்சி.

உப்புக்காற்று:
அரசருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே எவ்வளவு தூரம் என்பதற்கு 1101 டோவர் ஒப்பந்தம் நல்ல உதாரணம். இரண்டாம் ராபர்ட், சிலுவைப் போருக்குப் போய்த் திரும்பிய கவுண்ட், இங்கிலாந்தின் முதலாம் ஹென்றியிடம் ஆண்டுக்கு 500 பவுண்டு வாங்கிக்கொண்டு, தேவைப்பட்டால் 1,000 குதிரை வீரர்கள் அனுப்ப ஒப்புக்கொண்டார். பிரான்ஸ் அரசர் இங்கிலாந்து மேல் படையெடுத்தால்? கவுண்ட் அவர் பக்கமும் போயாக வேண்டும், இல்லாவிட்டால் பிரான்ஸ் அரசரிடமிருந்து பெற்ற மானிய நிலம் போய்விடும். அதனால் மானியம் பறிபோகாத அளவுக்கு மட்டும், முடிந்தவரை குறைந்த ஆட்களோடு போவேன் என்று அதையும் எழுதிவிட்டார்கள். விசுவாசத்துக்கு எத்தனை குதிரை போதும் என்று வக்கீல் கணக்கு!

வெண்ணிலாக்காடு:
இதெல்லாம் ஆண்கள் கதை. பெண்ணுக்கு இந்தப் பரம்பரை போனதா?

தறிநூல்:
போனது, நன்றாகவே போனது. தியெரி இரண்டாம் சிலுவைப் போருக்குப் போனபோது ஹெயினோ கவுண்ட் படையெடுத்து வந்தார், மனைவி சிபில்லாதான் எதிர்த்து விரட்டினாள். பிறகு ஒன்பதாம் பால்ட்வின், 1204-ல் கான்ஸ்டான்டினோபிளில் பேரரசராக முடிசூடி 1205-ல் ஏட்ரியனோபிளில் பல்கேரியர்களிடம் பிடிபட்டுத் திரும்பவே இல்லை. இரண்டு சின்னப் பெண்கள், ஜோன், மார்கரெட். ஜோனுக்குப் பிரான்ஸ் அரசர் பார்த்துக் கட்டி வைத்த போர்ச்சுகல் ஃபெர்ராண்ட் 1214-ல் பூவீன் போரில் அதே அரசருக்கு எதிராக நின்று தோற்று லூவ்ர் கோட்டையில் 1227 வரை சிறை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் ஜோன்தான் ஆண்டாள்.

1225-ல் காட்டில் இருந்த ஒரு சந்நியாசி, நான்தான் பால்ட்வின், தப்பி வந்திருக்கிறேன் என்று கிளம்பினான். ஜோனின் வரிக்கும் பிரான்ஸின் பிடிக்கும் எரிச்சலில் இருந்த நகரங்கள் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடின, அவன் கவுண்டாக ஊர்வலம் போனான், வீரப் பட்டம் கொடுத்தான். ஜோன் ஓட வேண்டியதாயிற்று. பிரான்ஸ் அரசர் எட்டாம் லூயி அவனைக் கூப்பிட்டு, நீர் யாரிடம், எங்கே உம் மானியத்துக்குச் சத்தியம் செய்தீர், எங்கே திருமணம் நடந்தது என்று கேட்டார். பதில் வரவில்லை. லீலில் தூக்கில் போட்டார்கள். ஆனாலும் ஜோன் சொந்த அப்பாவையே கொன்றுவிட்டாள் என்று பலர் கடைசிவரை நம்பினார்கள், நம்ப விரும்பினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தங்கை மார்கரெட் 1244-லிருந்து 1278 வரை. அவளுக்கு இரண்டு கல்யாணம், இரண்டு பக்கமும் பிள்ளைகள், யாருக்கு எது என்று சண்டை. 1246-ல் ஒன்பதாம் லூயி நடுவராக இருந்து ஃபிளாண்டர்ஸ் இரண்டாம் கல்யாணத்துப் பிள்ளைகளுக்கு, ஹெயினோ முதல் கல்யாணத்துப் பிள்ளைகளுக்கு என்று பிரித்தார். பணக்காரப் பங்கு யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

கோட்டைச்சுவர்:
சரி, நகரங்கள் இல்லாமல் கவுண்ட் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன் (1302-ல் கோர்ட்ரைக் களத்தில் நெசவாளர்களும் மற்ற நகரத்துக் காலாட்களும் பிரெஞ்சுக் குதிரைப்படையை அடித்ததையும் சேர்த்தே). ஆனால் அந்த வம்சம் முடிந்ததும் கல்யாணப் பத்திரத்தில்தான், சபையில் இல்லை. அதன் கடைசிக் கவுண்ட் லூயி மாலுக்கு ஒரே மகள் மார்கரெட். இங்கிலாந்து இளவரசர் ஒருவருக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது, நெருங்கிய உறவு என்று போப் அனுமதி மறுத்தார். 1369-ல் பர்கண்டி கோமகன் ஃபிலிப்பைக் கட்டினாள், அவனும் ஏறக்குறைய அதே அளவு உறவுதான், அவனுக்கு அனுமதி கிடைத்தது. மாமனார் சும்மா கொடுக்கவில்லை, பிரான்ஸ் பிடித்து வைத்திருந்த லீல், டூவே, ஓர்ஷி மூன்றையும் திருப்பி வாங்கினார். மாப்பிள்ளை ஃபிலிப் அதற்கு முன்பே தன் அண்ணனான பிரான்ஸ் அரசரிடம், மாமனார் காலத்துக்குப் பின் அவற்றைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று ரகசியமாக எழுதிக் கொடுத்திருந்தார். 1384-ல் மாமனார் இறந்தார். மாப்பிள்ளை தரவில்லை.